டேஷ்போர்டில் ஒரு வெள்ளைச் சுவிட்ச்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தெமோதர ஏற்றத்தில், புது வேட்டி சட்டையோடு மலைத்தண்ணீர் கொட்டுகிற ரோட்டோரப் பீலியில் கேனைப் பிடித்துத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் கார். இட்லிச் சட்டி மூடியைத் திறந்த மாதிரி ஆவி விட்டுக்கொண்டு நின்றது. போகிற பஸ்ஸிலிருந்து ஒருவர் கை காட்டினார். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிப்பவராக இருக்கலாம்.

இந்தக் காரை உங்களுக்குத் தெரியும். மழையில் வைப்பர் நின்றபோது இங்கேதான் புலம்பினேன். கதவு திறக்காமல் ஜன்னல் வழியாக இறங்கியதையும் வெட்கமில்லாமல் எழுதியிருக்கிறேன். இப்போது அதற்குப் பிடித்திருக்கிற வியாதி, சூடு. ரேடியேட்டருக்குக் காற்றடிக்கிற ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். என் காரில் அது தானாகச் சுற்றுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது.

கராஜுக்குக் கொண்டுபோவதா? நானா? கை இருக்கிறது, ஸ்குரூ டிரைவர் இருக்கிறது, இன்டர்நெட் இருக்கிறது... அப்புறம் என்ன? வீட்டு விறாந்தை லைட்டுக்கு வாங்கியதில் வெள்ளைச் சுவிட்ச் ஒன்று மிச்சமிருந்தது. அதை டேஷ்போர்டில், பழைய ரேடியோ இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் பூட்டினேன். பட்டரியிலிருந்து ஒரு வயர். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், அணைத்தால் நிற்கும். அதற்குப் பிறகு, போன ஞாயிறு வரை, வண்டி ஒரு தடவைகூடக் கொதிக்கவில்லை.

"காருக்குள்ள வீட்டுச் சுவிட்சப் பூட்டி வச்சிருக்கீங்களே, நாலு பேரு பார்த்தா சிரிக்க மாட்டாங்களா?" என்றாள் என் மனைவி புவனா.

அவளுக்கு இந்தக் காரைக் கண்டாலே ஆகாது. கழற்றிப் பார்ட்ஸாக விற்பதற்கு இதைக் கேட்டு வந்த ஒருவரை, உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்பியவள் அவள். நான்தான் இழுத்தடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில் அவளுடைய தம்பிக்கு, அதாவது என் மச்சானுக்கு, ஹல்துமுல்லையில் பெண் பார்க்கப் போகிற ஏற்பாடு. வேன் பிடிக்கலாம் என்றாள். நம்ம வண்டி இருக்கும்போது வேன் எதற்கு என்று நான் சிலிர்த்துக்கொண்டேன்.

"சரி, நம்ம கார்லயே போவோம். ஆனா நடுவழியில நின்னுச்சுன்னா, திங்கக்கெழம அந்த ஆளு வந்து இழுத்துட்டுப் போயிடணும். சம்மதமா?"

மாமா, அத்தை, மச்சான் மூவரும் என்னையே பார்த்தார்கள். மாமனார் வீட்டுக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு மருமகன் என்னதான் சொல்ல முடியும்? சம்மதம் என்றேன்.

பதுளையிலிருந்து நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினோம். முன் சீட்டில் என் பக்கத்தில் மாமா. பின்னால் அத்தைக்கும் மச்சானுக்கும் நடுவில் புவனா. ஹாலிஎல தாண்டியதும் வண்டியின் இரைச்சல் குறைந்து, பூப்போல ஓட ஆரம்பித்தது.

"பார்த்தீங்களா மாமா? எல்லாம் கை வேல!" என்றேன். மாமா பெருமையாகத் தலையாட்டினார். பின் சீட்டிலிருந்து வழக்கமாக வரும் நக்கல்கூட அன்றைக்கு வரவில்லை.

ஏற்றம் ஏற ஏற, சூட்டைக் காட்டும் முள்ளும் ஏறியது. அடுத்த வளைவில் பொனட்டுக்குள்ளிருந்து புகை. நிறுத்திவிட்டேன். அத்தை சத்தமாகப் பிள்ளையாரைக் கூப்பிட்டார். பவுடர் கலையாத முகத்தோடு மச்சான் கடிகாரத்தைப் பார்த்தான். புவனா மட்டும் பதறவில்லை. நிதானமாக இறங்கிக் குடையை விரித்தாள்.

"திங்கக்கெழம" என்றாள். அவ்வளவுதான். தாயையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு பீலிப் பக்கம் நிழலுக்குப் போய்விட்டாள்.

பெல்ட்டை அமுக்கிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஹோஸ் கிளிப்பை இறுக்கினேன், அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. சூடு தணியும்வரை காத்திருந்து, சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீர் ஊற்றினேன். சின்ன ஒழுக்கு இருந்தால் மஞ்சள் தூள் அடைத்துவிடும் என்பது நம் பக்கத்து டிரைவர்களின் கைவைத்தியம். டிக்கியில் ஒளித்து வைத்திருந்த மஞ்சள் தூள் பாக்கெட்டை எடுத்துத் தாராளமாகக் கொட்டினேன்.

"வீட்டு மஞ்சத்தூளு எங்க போவுதுன்னு இப்பல்ல தெரியுது!" என்று பீலிப் பக்கமிருந்து குரல் வந்தது.

காதில் விழாத மாதிரி காருக்குள் ஏறினேன். மாமா இறங்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஃபேனைப் போடச் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனேன். போடுவதா? நான் எங்கே அதை அணைத்தேன்? பதுளையில் போட்ட சுவிட்ச் அணைந்து கிடந்தது.

மாமா மெதுவாகக் கேட்டார்: "மாப்பிள்ள... அது லைட்டு இல்லையா?"

"ஃபேன் மாமா! ரேடியேட்டர் ஃபேன்!"

"பட்டப்பகல்ல லைட்டு எரியுதேன்னு ஹாலிஎலயிலயே ஓஃப் பண்ணிட்டேனே..."

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பதுளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கரண்ட் பில் ஏறிய நாளிலிருந்து எந்தச் சுவிட்சைக் கண்டாலும் அவர் கை சும்மா இருப்பதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சாப்பாட்டறை இருட்டாகிவிடும். பூப்போல ஓடியதன் ரகசியமும் அப்போதுதான் புரிந்தது. ஃபேன் சத்தம் இல்லாமல் போனதைத்தான் நான் கை வேலை என்று பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

"மககிட்ட சொல்லிப்புடாதீங்க மாப்பிள்ள. ஆத்தாளும் புள்ளைகளும் சேந்து என்னைய உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கூடவே வேறொரு யோசனையும் வந்தது.

"சொல்லல மாமா. ஆனா திங்கக்கெழம இந்த வண்டியக் காப்பாத்துறது ஒங்க பொறுப்பு."

கை கொடுத்தோம். ஃபேன் இரைச்சலோடு சுற்றியது, வண்டி எங்கேயும் நிற்காமல் ஹப்புத்தளை ஏறி ஹல்துமுல்லையில் இறங்கியது. நல்ல நேரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். பெண்ணை மச்சானுக்குப் பிடித்துவிட்டது. ஆச்சரியம், பெண்ணுக்கும் மச்சானைப் பிடித்துவிட்டது.

திரும்பி வரும்போது மாமா வாக்கைக் காப்பாற்றினார். கொஞ்சம் அதிகமாகவே.

"இது ராசியான வண்டிம்மா! தடங்கல் வந்து வெலகுனா அது நல்ல சகுனம். கல்யாணத்துக்கும் இதுலதான் போவணும். இத விக்கிற பேச்சே எடுக்கப்படாது!"

புவனா அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பா சொன்னா சரி" என்றாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். யாரும் பார்க்காதபோது ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தேன்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். முந்தாநாள் மாலை, இனி யார் கையும் படாமலிருக்க அந்தச் சுவிட்சின் மேல் சோப்புப் பெட்டி மூடி ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தேன். டீ கொண்டுவந்த புவனா எட்டிப் பார்த்தாள்.

"இது பத்தாதுங்க. அப்பா இதையும் தெறந்து ஓஃப் பண்ணிடுவாரு."

டீயை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தேன். நானும் மாமாவும் இதைப் பற்றி அவளிடம் மூச்சுக்கூட விடவில்லையே!

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"நடுவுல உக்காந்திருந்தவ நான். அவரு கை போனதப் பார்த்துக்கிட்டுத்தான வந்தேன்."

"அப்பவே சொல்றதுக்கு என்னா?"

"சொல்லியிருந்தா வண்டி நின்னிருக்காதே!"

அடிப்பாவி! புகை வந்தபோது அவள் ஏன் பதறவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"பின்ன ஏன் விக்கச் சொல்லல?"

"எதுக்குமே பொய் பேசாத மனுசன், இந்தத் தகரத்துக்காகச் சகுனம் எல்லாம் சொன்னாரு. பாவமா இருந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

என் காரில் சூட்டைப் பார்க்க ஒரு முள் இருக்கிறது. பின் சீட்டைப் பார்க்க ஒரு கண்ணாடியும் இருக்கிறது... இத்தனை நாளாக அதில் நான் தலைதான் சீவிக்கொண்டிருந்தேன்!