முதுகு காட்டிய வில்லி
டிவி தொடரில் வில்லிக்குக் குரல் கொடுப்பது அவள் பிழைப்பு. ஆறு வருடமாக ஒரு குடும்பத்தையே குட்டிச்சுவராக்கிய வில்லியைக் கடைசி நாளில் பைத்தியம் என்று எழுதிவிட்டார்கள்.

"பைத்தியம்னா ஜனங்க மன்னிச்சுடுவாங்கம்மா. நல்லா சிரிங்க," என்றார் டைரக்டர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையோடு அக்கா ஓடிப்போனபோது அம்மாவும் இதைத்தான் சொன்னாள்: "அவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுடி, விடு." மாப்பிள்ளை போன காயம் எப்போதோ ஆறிவிட்டது. அக்கா ஒருநாள் வாசலில் வந்து நிற்பாள், ஒரு வார்த்தை சொல்வாள் என்றுதான் இருபது வருடமாகக் காத்திருக்கிறாள். புத்தி பேதலித்தவளிடம் அந்த வார்த்தையை எப்படி எதிர்பார்ப்பது?

திரையில் வில்லி சிரித்தாள். வாயசைவுக்குப் பொருத்தமாக இவளும் சிரித்தாள். பிறகு வில்லி முதுகைக் காட்டித் திரும்பினாள். உதடு தெரியாத இடத்தில் எதையும் பேசிச் சேர்க்கலாம் என்பது டப்பிங்கில் பழைய வழக்கம். அவள் மைக்கை நெருங்கி நிதானமாகச் சொன்னாள்:

"எல்லாம் தெரிஞ்சேதான் செஞ்சேன். என்னை மன்னிச்சுடுடி."

டைரக்டர் தாளைப் புரட்டினார். "இது வசனத்துல இல்லையேம்மா?"

"இல்லதான். வெட்டுறதா இருந்தா வெட்டிக்குங்க சார்," என்றாள். "அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை போடுங்க. கேட்டுக்கறேன்."