பதினோராவது தட்டு

ஆர்லன் டால் எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அமெரிக்காவின் மாடிசன் நகரில், வியட்நாம் போரை எதிர்த்து ஊர்வலம் நடத்திக்கொண்டு நாங்கள் ஒன்பது பேர் ஒன்றாகக் குடியிருந்த வீடு அது. அங்கே யாரும் பாத்திரம் கழுவியதாகச் சரித்திரமே இல்லை. இவன் கழுவினான். அதோடு விட்டானா? சொன்ன நேரத்துக்குக் கூட்டத்துக்கு வந்தான். துண்டறிக்கைகளை ஓரம் பிசகாமல் மடித்தான். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டான். சொந்த ஊர் எது என்று கேட்டால், "வடக்க, மாட்டுப் பண்ணை" என்பதோடு சரி. போலீஸ்காரன் வேறு எப்படி இருப்பான்?

"அவன் கழுவலேன்னா தட்டுல காஞ்ச பீன்ஸ நீதான் சுரண்டணும், கொரீன்," என்றாள் என் அறைத்தோழி ஜூடித். "கொஞ்ச நாள் வாய மூடிட்டு இரு தாயே!"

எப்படி இருப்பேன்? பரணில் என் தம்பி வெய்ன் ஒளிந்திருந்தான். பட்டாளத்துக்கு வரச்சொன்ன கடிதத்தைக் கிழித்துப் போட்டவன். பிடிபட்டால் ஐந்து வருடம் ஜெயில். ஆர்லனுக்கு மட்டும் இதை நாங்கள் சொல்லவில்லை.

ஜூலையில் சோளக்காட்டுப் பக்கம் மூன்று நாள் இசை விழா. பாட்டுக்காரர்களின் வேனில் வெய்னை ஏற்றிக் கனடாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருந்தோம். விழாவுக்குக் கிளம்புகிற காலையில், கழுவிய தட்டுகளை அடுக்கிக்கொண்டே ஆர்லன் சொன்னான்:

"என்னையும் சேத்து நாம பத்துப் பேரு. தினம் பதினோரு தட்டு விழுதே?"

எண்ணியே வைத்திருக்கிறான்! போலீஸ்காரனேதான்.

மறுநாள் மதியம் வேன் கிளம்ப வேண்டும். இலவசச் சாப்பாட்டுக் கூடாரத்தின் தண்ணீர்த் தொட்டியருகே ஆர்லன் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து பார்த்தால் வேன் தெரியும். நான் மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன்.

"தொட்டிகிட்ட நீலச் சட்ட போட்டு நிக்கிறானே, அவன் போலீஸு! யாரும் அவன்கிட்ட பேர் சொல்லாதீங்க!"

போலீசாருக்கு நாங்கள் வைத்திருந்த வசவைச் சொல்லி, கூட்டம் "பன்றி! பன்றி!" என்று கத்தியது. சேற்றை வாரி அடித்தார்கள். அவன் ஓடவில்லை. கூச்சலைக் கேட்டு, விழா வாசலில் நின்ற நிஜப் போலீசார் ஓடிவந்து அவன் அடையாளச் சீட்டைக் கேட்டார்கள். அவனிடம் அது இல்லை. விசாரித்ததில் குட்டு உடைந்தது. வியட்நாமில் ஒரு வருடம் பட்டாளச் சமையலறையில் இருந்துவிட்டு, மறுபடி போக மனமில்லாமல் முகாமிலிருந்து ஓடிவந்த சிப்பாய் அவன். அவனுக்கு விலங்கு மாட்டிக்கொண்டிருந்தபோது, வெய்ன் இருந்த வேன் அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே வெளியேறியது.

பாவி நான். ஆனாலும் ஒரு மாதம், அவன் எங்களைக் காட்டிக்கொடுத்துப் போலீஸ் வீட்டுக்கு வரும் என்றுதான் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. செப்டம்பரில் ராணுவ ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தான்.

"மன்னிச்சிரு ஆர்லன். எல்லாம் என்னாலதான்."

"விடு, அழாத." அவன் குரலைத் தாழ்த்தினான். "பரண்ல இருந்தது உன் தம்பிதானே? நல்லபடியா போய்ச் சேந்தானா?"

கதவருகே காவலாளி நின்றான். நான் அவனைப் பார்த்தேன். பிறகு ஆர்லனையும் அதே சந்தேகக் கண்ணால்தான் பார்த்தேன்.

"எனக்குத் தம்பியே கிடையாதே," என்றேன்.

ஆர்லன் தலையாட்டினான்.

"நல்லது. யார் கேட்டாலும் அப்படியே சொல்லு."