அந்தக் கடைக்குப் போகாதீர்கள்

நாகர்கோவில் கோர்ட்டில் நான் சம்மன் கொடுக்கும் சேவகனாக இருந்தேன். அந்த ஊரில் வெளியூர்க்காரன் வாய்க்கு ருசியாகச் சாப்பிட இடமே கிடையாது என்று அப்போது எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் அவரவர் வீட்டில் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். அவியலும் தீயலும் எரிசேரியும் கதவுக்கு உள்ளேயே இருந்தன. கடையில் சாப்பிடுகிறவன் ஒன்று வீடில்லாதவன், இல்லையென்றால் வழக்குள்ளவன். வழக்குள்ளவன் வாய்தாவுக்கு வாய்தா வந்துதான் ஆகவேண்டும். அவனுக்கு எதைப் போட்டால் என்ன என்ற எண்ணத்தில்தான் கோர்ட்டு முக்கில் இருந்த அந்தச் சாப்பாட்டுக் கடை நடந்தது.

முன்கட்டில் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் உட்காருவார்கள். பின்கட்டு எங்களைப் போன்றவர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும். சோறு இரண்டு கட்டுக்கும் ஒன்றுதான், அதில் மட்டும் பேதம் கிடையாது. சாம்பாரில் தடியங்காய்த் துண்டு மிதக்கும், பருப்பு இருக்காது. துவரன் பொரியலில் தேங்காய் கண்ணுக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியாது. நானும் மத்தியானத்துக்கு வேறு வழியில்லாமல் அங்கேதான் சாப்பிட்டு வந்தேன், ஒரு குறையும் சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு நாள், என் மனைவியின் தமையன் ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு பத்திரக் காரியமாக வந்திருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால் வீட்டில் அடுப்பு எரியவில்லை. முதல் தடவையாக என்னைத் தேடி வந்த மனிதரை அந்தக் கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. மோரில் வைத்த புளிசேரி ஊற்றினார்கள். பொங்கிப் புளித்து நுரைத்திருந்தது. பரிமாறுகிறவரைக் கிட்டே கூப்பிட்டு, வேறு இருந்தால் கொண்டுவரும்படி மெதுவாகத்தான் சொன்னேன்.

கல்லாவில் இருந்த முதலாளியின் காதில் அது விழுந்துவிட்டது.

"என்ன வேய் அங்க?"

"புளிசேரி கொஞ்சம் புளிச்சிருக்கு. மாத்திக் கேட்டேன்."

"ஓசிச் சோத்துக்கு ருசி வேற பாக்குதீரோ? கட்சிக்காரன் வாங்கித் தாறதத் தின்னுற நாக்குக்கு எல்லாம் ஒண்ணுதான் வேய். தின்னுட்டு எந்திரியும்."

பின்கட்டு முழுவதும் சிரித்தது. முன்கட்டிலிருந்தும் சிரிப்பு வந்தது. எல்லோருக்கும் முதலில் சிரித்தவர் என் பக்கத்தில் வாயில் சோற்றோடு இருந்த மைத்துனர்தான்.

ஒன்று சொல்லவேண்டும். என்னோடு வேலை பார்த்த சேவகர்கள் பலர் கட்சிக்காரர்களிடம் வாங்கித் தின்றார்கள். நான் ஒரு வாய்க் காப்பி வாங்கிக் குடித்ததில்லை. அன்றும் இரண்டு பேர் சாப்பாட்டுக்கும் என் மடியிலிருந்துதான் கொடுத்தேன். வாங்கித் தின்றிருந்தால் அந்தப் பேச்சு அவ்வளவு சுட்டிருக்காது.

மைத்துனர் ஊருக்குப் போய் அதைக் கதையாகச் சொன்னார். மாமனார் வீட்டில் எனக்கு 'ஓசிச் சேவகர்' என்று பெயர் விழுந்தது. மூன்று மாதம் கழித்துக் குழந்தையோடு திரும்பி வந்த மனைவி, பாயை விரித்துக் குழந்தையைக் கிடத்திவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"நெசமாட்டு நீங்க ஓசியிலயா தின்னியோ?"

அந்தக் கடையை இருந்த இடம் தெரியாமல் பண்ணாமல் விடுவதில்லை என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன்.

கடைக்காரனை எதிர்க்க என்னிடம் என்ன இருந்தது? கால்கள் இருந்தன. கோர்ட்டு எல்லைக்குள் நான் மிதிக்காத ஊர் இல்லை. இந்த ஊரில் வாய்க்கு ருசியாக எங்கே கிடைக்கும் என்று தெருத் தெருவாகத் தேட ஆரம்பித்தேன். தேடினால் கிடைத்தது. பலகை மாட்டாத இடங்கள், உள்ளூர்க்காரர்களே சிலர் அறியாத இடங்கள். சந்தைக்குப் போகிற வழியில் கடற்கரைப் பெண் ஒருத்தி மரச்சீனிக் கிழங்கு அவித்துச் சாளை மீன் கறியோடு வைத்திருப்பாள். பத்து மணிக்குப் போனால் சட்டி காலியாகியிருக்கும். கோட்டாற்றில் சாயபுமார் தெருவில் கணவனை இழந்த ஒரு உம்மா, வீட்டின் பாதிக் கதவைத் திறந்துவைத்து ஒறட்டியும் இறைச்சியும் விற்றாள். அரிசிமாவும் தேங்காயும் சேர்த்துத் தட்டி ஓட்டில் சுட்ட அந்த ஒறட்டியை முதல் தடவை தின்றபோது நின்ற இடத்திலேயே நான்கு தின்றேன்.

அதன்பின் சம்மன் கொடுக்கும் வீடுகளிலெல்லாம் கூடவே ஒரு புத்திமதியும் கொடுத்தேன். சம்மன் கொண்டுவருகிறவனை யாரும் சிரித்த முகத்தோடு பார்க்கமாட்டார்கள். நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "வாய்தாவுக்கு வரும்போ கோர்ட்டு முக்குக் கடையில மட்டும் கேறிராதீங்க. கோட்டாத்துக்குப் போங்க" என்று வழியும் சொல்லுவேன். மயிலாடியில் ஒரு கல்தச்சர், சம்மனை வாங்கும்போது என் முகத்தில் வீசி எறிந்தவர், வழக்கு நாள் முடிந்ததும் கோர்ட்டு வாசலில் என்னைத் தேடி வந்தார்.

"கேசு தள்ளிப்போட்டாச்சு. ஆனா ஒறட்டி கொள்ளாம் வேய்! அடுத்த வாய்தா எப்பம்?"

நான் உண்மையை மட்டும் சொன்னேன் என்று நினைத்துவிட வேண்டாம். கடைக்காரனுடைய சாம்பாரில் பல்லி கிடந்ததை என் கண்ணால் பார்த்ததாக ஊர் ஊராகச் சொன்னேன். நான் எந்தப் பல்லியையும் பார்க்கவில்லை. சொல்லச் சொல்ல அந்தப் பல்லிக்கு வாலும் நிறமும்கூட வந்துவிட்டது. ஒரு வருஷத்தில் பின்கட்டில் பாதி இலைகூட விழவில்லை. நான் தினமும் எதிர்ப்புறம் வாதுமை மரத்தடியில் நின்று, வெளியே கொட்டும் எச்சில் இலைகளை எண்ணுவேன். நாலு இலை குறைந்தால் அன்று வீட்டில் இரண்டு பிடி கூடச் சாப்பிடுவேன்.

கோட்டாற்று உம்மா ஒரு நாள் என்னைப் பாதிக் கதவண்டை நிறுத்தினாள். முகத்தில் சிரிப்பில்லை.

"அண்ணாச்சி, இனி இங்க ஆளு அனுப்பாதீங்க."

"ஏன் உம்மா, யாவாரம் கூடியிருக்குல்லா?"

"கூடினது போரும். விடியக்காலம் முதல் மாவிடிச்சு எனக்குத் தோளு கழண்டு போச்சு. இந்தத் தெருவுல உள்ளவளுவ பிள்ளையளுக்கு ஒண்ணு வாங்க வந்தா, வந்தவன் போனவன் எல்லாம் தின்னு தீத்திருக்கான். நான் இந்தத் தெருவுக்குச் சுட்டு வித்தவ. கோர்ட்டுக்குச் சுட்டு விக்கல்ல."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"எனக்கு நன்மை வரணும்னா அனுப்புதீங்க? அந்தக் கடைக்காரன் மேல உங்களுக்குக் கோவம். உங்க கோவத்துக்கு நான் மாவிடிக்கணுமா?"

அன்றோடு கோட்டாற்றுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தினேன். ஆனால் கோபத்தை நிறுத்தவில்லை. கட்சிக்காரர்களை அனுப்ப வேறு இடம் வேண்டும், கோர்ட்டுக்கு வருகிற அத்தனை பேரையும் தாங்குகிற இடம் வேண்டும் என்றுதான் யோசித்துக்கொண்டு திரும்பினேன்.

அந்தத் தை மாதம் சுசீந்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அங்கே சாப்பிட்ட அடைப் பிரதமனையும் எரிசேரியையும் இன்றைக்கு நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது. இலையை மூடிவிட்டு, சமைத்தவரைப் பார்க்கப் பின்பக்கம் போனேன். எங்கள் பக்கத்தில் விருந்து சமைக்கிறவரைத் தவசுப்பிள்ளை என்போம். உருளிக்குப் பக்கத்தில் துண்டால் முகத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தவர், கோர்ட்டு முக்குக் கடையில் தினமும் அந்தச் சோற்றை வடித்துக் கொட்டும் அதே சமையற்காரர்.

"வேய், இவ்வளவு கைப்பதம் வச்சிக்கிட்டா அங்க அப்பிடிச் சமைக்குதீரு?" என்றேன்.

அவர் வெட்கப்பட்டார். "தேங்கா தந்தாத்தான துவரன் வைக்க முடியும் அண்ணாச்சி? முந்தாநாள் மோருலதான் இன்னைக்குப் புளிசேரி. வெளிய கொட்டுதேன்னு சொன்னா, கொட்டுனா உம்ம தலையிலதான் கொட்டுவேங்காரு. கல்யாண மாசம் முடிஞ்சா எனக்கு வேற சோலி இல்ல. பிள்ளையள வளக்கணுமே."

கடைக்காரனுடைய கையையே வெட்டி எடுக்க வழி கிடைத்துவிட்டது என்று தோன்றியது. வடசேரிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ஓலைக் கொட்டகை சும்மா கிடந்தது. அதன் சொந்தக்காரரை எனக்குத் தெரியும். பத்து நாள் சமையற்காரர் வீட்டுக்கு நடந்தேன். "நீரு சமையும். இலைக்கு ஆளு கொண்டாறது எம்பாடு" என்றேன். அவருடைய மனைவிதான் கடைசியில், "போவும், அந்த ஆளுக்கிட்ட ஏச்சு வாங்கினது போரும்" என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

சித்திரையில் வடசேரிக் கடை ஆரம்பித்தது. சம்பா அரிசிச் சோறு, பருப்பு, நெய், ஒரு தீயல், ஒரு துவரன், புதுமோரில் புளிசேரி, ரசம், சுட்ட பப்படம். அவ்வளவுதான். முதல் வாரமே வக்கீல் குமாஸ்தாக்கள் வெயிலில் அரை மைல் நடந்து வந்தார்கள். கோர்ட்டு முக்கில் முன்கட்டும் காலியாயிற்று.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சமையற்காரர் என்னிடம், அந்தப் பல்லிக் கதை பரவிய நாட்களில் பழைய முதலாளி காய் நறுக்குகிற இரண்டு பேரை அடித்து விரட்டிவிட்டதாகச் சொன்னார். "பாவப்பட்ட மனுசனுவ. எங்க போனானுவளோ." பல்லி என்னுடையது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. தீயலை இன்னொரு தடவை கேட்டு வாங்கிப் பிசைந்தேன்.

அடுத்த வருஷம் கோர்ட்டில் பாக வழக்கு ஒன்று வந்தது. எங்கள் பக்கத்தில் அப்போது மருமக்கள், அதாவது சகோதரி பிள்ளைகள், மாமன்மார் மேல் பாகம் கேட்டு வழக்குப் போடுவது வழக்கமாகிவிட்டிருந்தது. அந்த வழக்கில் பிரதிவாதி கோர்ட்டு முக்குக் கடைக்காரன். கடை இருந்த கட்டடமே குடும்பச் சொத்தாம். சம்மன் என் கையில் வந்தது. இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் முதலாளி பின்வாசல் வழியாகப் போய்விட்டார். ஆள் அகப்படாவிட்டால் கதவில் ஒட்டலாம் என்று உத்தரவு வாங்கினேன்.

ஒட்டுகிற நாளன்று மைத்துனரை ஆரல்வாய்மொழியிலிருந்து வரச்சொன்னேன். எதற்கென்று சொல்லவில்லை. வழக்கமாகச் சிரட்டையில் பசை எடுத்துப் போவேன், அன்று வேண்டுமென்றே எடுத்துப் போகவில்லை. உச்சிப் பொழுதில், இலை போட்டிருந்த ஏழெட்டுப் பேர் பார்க்க, பரிமாறுகிறவரிடம் ஒரு பிடி சோறு கேட்டேன். அவர் புரியாமல் கொடுத்தார். அதை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து, சம்மனின் நாலு மூலையிலும் தடவி, கடையின் முன்கதவில் அழுத்தி ஒட்டினேன். உரக்க வாசித்தேன். வாசித்து முடித்துவிட்டு, "தின்ன ஆவாது. ஒட்ட நல்லாருக்கு" என்றேன்.

இப்போது சிரித்தவர்கள் வேறு ஆட்கள். மைத்துனரும் சிரித்தார், ஆனால் பாதியில் நிறுத்திக்கொண்டார். தெருவில் இறங்கியபின், "இதுக்கா மச்சான் என்னை வரச் சொன்னியோ?" என்றார்.

"இதுக்குத்தான்."

நான் எதிர்பார்த்த மன்னிப்பு அவரிடமிருந்து வரவில்லை. ஆனால் அதன்பின் மாமனார் வீட்டில் 'ஓசிச் சேவகர்' என்ற பெயரை நான் கேட்கவில்லை.

வழக்கு நாலு வருஷம் இழுத்தது. கட்டடத்தின் முன்பாதி மருமக்களுக்குப் போயிற்று. அதில் ஜவுளிக்கடை வந்தது. கடைக்காரர் பின்பாதியில் ஒற்றை ஆளாக இருந்தார். அடுப்பு மூட்டவில்லை.

முப்பதுகளில் ஒரு மத்தியானம் வடசேரிக் கடைக்குள் நுழைந்தேன். கோர்ட்டு முக்குக் கடைக்காரர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்துப் பலகையைத் தட்டினார்.

"வாரும் சேவகரே, இரியும். நல்லா வைக்கான், என்ன? அன்னைக்கு நீரு சம்மன் ஒட்டினதுல எனக்கு உம்ம மேல வருத்தம் ஒண்ணும் கெடயாது கேட்டேரா. அது உம்ம சோலி."

அவர் என்னை மன்னித்துக்கொண்டிருந்தார்! உட்கார்ந்தேன்.

"நான் உங்க கடையில புளிசேரி மாத்திக் கேட்டது ஓர்மையிருக்கா?"

"எப்பம்?"

சொன்னேன். மைத்துனர் பக்கத்தில் இருந்ததை, அவர் கல்லாவிலிருந்து சொன்ன வார்த்தையை, ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். கட்சிக்காரர்களைத் திருப்பிவிட்டது, சமையற்காரரைக் கிளப்பிக்கொண்டு போனது எல்லாவற்றையும் சொன்னேன். பல்லியையும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பிடியா சொன்னேன்?" என்றார் கடைசியில். "சொல்லியிருப்பேன். எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கேன்." பிறகு உள்ளே பார்த்து, "கொஞ்சம் ரசம் விடும்" என்றார்.

சாப்பிட்டு, கைகழுவி, என்னிடம் தலையாட்டிவிட்டுப் போனார். என் இலையில் சோறு அப்படியே இருந்தது. பத்து வருஷமாக நான் அடித்த அடி ஒன்றுகூட அவர்மேல் விழவில்லை. அவருக்கு அது கெட்ட காலம், அவ்வளவுதான். கடைசிவரை அந்தக் கெட்ட காலம் நான்தான் என்று அவருக்கு உறைக்கவில்லை.

சமையற்காரர் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார். வந்து என் எதிரில் குந்தினார். பல்லியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"அண்ணாச்சி, நாளை முதல் அவருக்கு இலை இல்லன்னு சொல்லிரட்டா? உங்களாலதான் இந்தக் கடை."

ஒரு வார்த்தை போதும். கிழவனுக்கு ஊரில் வேறு சோறு கிடையாது என்று எனக்குத் தெரியும். வாய்வரை வந்தது.

"போடும்," என்றேன். "ஆனா எம்பக்கத்துல போடாதயும்."

அப்படியே செய்தார். அதன்பின் நாலைந்து வருஷம் அவர் தெற்கு வரிசையிலும் நான் வடக்கு வரிசையிலுமாகச் சாப்பிட்டோம். இலை மாறிப்போட்டதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் சாப்பிட்டேன். அவர் செத்த அன்றும் அங்கே சாப்பிடப் போனேன். தெற்கு வரிசையில் யாரோ ஒரு திருநெல்வேலிக்காரர் இருந்தார். அன்றைக்கு மாங்காய்ப் புளிசேரி. நன்றாகத்தான் இருந்தது.