என் பேனருக்குப் போன பல்பு

இன்னிக்கு ஏற்காட்டுல எனக்குப் பாராட்டு விழா. எண்பதுகள்ல என் முதல் பியானோ கேசட்டைப் பதிவு பண்ணின அதே சர்ச் ஹால்ல.

மலைப் பனியில பியானோ கட்டைங்க ஊறிப்போகும். அதனால ஈரம் ஏறாம இருக்க, பியானோவுக்குள்ள எப்பவும் ஒரு சின்ன பல்பு எரியும். அந்தச் சூட்டுலதான் அன்னிக்கு மூணு நாள் மழையிலயும் வாசிச்சேன். வெளிநாட்டு மேடையெல்லாம் அதுக்கப்புறம்.

இன்னிக்கு உக்காந்து அமுக்கினா, அமுக்கின கட்டை மேல எழும்பவே இல்லை.

"உள்ள இருந்த பல்பு எங்கங்க?"

விழாக் கமிட்டி செயலாளர் சிரிச்சார். "வாசல்ல உங்க பேனர் பனியில மங்கலாத் தெரிஞ்சுதுங்க மேடம். பத்து நாளா அங்கதான் எரியுது. நீங்க வாசிக்கோணும்னு இல்லீங்க. வாசிக்கற மாதிரி கைய வெச்சாப் போதும், போட்டோ நொம்ப நல்லா வருமுங்க."

நாப்பது வருஷம் வாசிச்சவளை போஸ் குடுக்கக் கூப்பிட்டிருக்காங்க!

நேரா வாசலுக்குப் போனேன். பட்டப்பகல்ல என் மூஞ்சி மேல ஜம்முனு எரிஞ்சுக்கிட்டிருந்த பல்பைக் கழட்டி, பியானோவுக்குள்ளயே மாட்டிட்டு, விழாவுக்கு நிக்காம பஸ் ஏறிட்டேன்.

பேனர் இருட்டாயிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. இப்ப கமிட்டியில இருந்து போன் மேல போன்.

எடுக்கணுமா? நீங்களே சொல்லுங்க.