பதினொரு நிமிட டீ

"10.40 முதல் 10.51 வரை வண்டி நின்றது. இன்ஜின் ஆஃப். டீ குடித்தேன்." ஒரு வியாழக்கிழமையின் சோதனை ஓட்டப் படிவத்தில் இருக்கும் வரி இது. நீல மையில் பெரிய பெரிய எழுத்துகள். கையொப்பம் கட்டத்தைத் தாண்டி வெளியே போயிருக்கிறது. அதன் நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எழுதியவர் எங்கள் சோதனை ஓட்டுநர், பாரிவாக்கத்துக்காரர். தன் மேல் தானே குற்றம் எழுதிக்கொடுத்த மனிதர் என்று அவரைப் பற்றிப் பெருமையோடு சொல்வேன்.

அம்பத்தூரில் டர்போ பெட்ரோல் இன்ஜின்களைச் சோதிக்கும் நிறுவனம் ஒன்றில் பதிவேடுகளைப் பராமரிப்பது என் வேலை. டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சிறு சக்கரம். காற்று கூடினால் இழுவை கூடும். ஆனால் உள்ளே போகும் காற்று மிகவும் சூடாக இருந்தால் பெட்ரோல் நேரந்தவறி வெடித்து இன்ஜினைக் கெடுத்துவிடும். ஆகவே காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் சொன்னதும் வண்டியின் கணினி ஒரு சிறு கதவைத் திறந்து, புகையை டர்போவுக்குப் போகவிடாமல் திருப்பிவிடும். அந்தக் கதவு எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்று வகுத்தவர் எங்கள் மேடம். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். எண்களில் பிழை விடாதவர்.

ஓட்டுநர் தினமும் மாங்காடு வழியாகப் பூந்தமல்லி போய்த் திரும்புவார். வந்ததும் ஒரே புகார்தான். "மேடம், வண்டி தம் கட்டுது. மிதிச்சா யோசிச்சுகினே கீது. அப்பால திடீர்னு பாயுது."

"அண்ணா, டெஸ்ட் ரூம்ல எத்தனையோ தடவ பாத்துட்டேன். அங்க வரவே இல்லையே?"

அதே வண்டியை அதே வழியில் இன்னொரு ஓட்டுநரிடம் கொடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை என்று வந்தார். "வண்டி நல்லாத்தான் கீது மாமே. உன் காலுதான் தூங்குது" என்று எல்லோர் முன்னாலும் அவர் சொன்னபோது கேன்டீனே சிரித்தது. அடுத்த திங்கள் முதல் நம்மவரைச் சோதனை வண்டியிலிருந்து எடுத்துவிட்டுக் கிடங்குக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஓட்டுவதைத் தவிர வேறொன்றையும் விரும்பாதவர் அவர்.

வண்டியில் இருந்த பதிவுக் கருவி, இன்ஜின் ஓடத் தொடங்கும்போது ஒரு கோப்பைத் திறக்கும், நின்றால் மூடும். நம்மவர் ஓட்டிய நாள்களில் மட்டும் எப்போதும் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒயர் லூஸ் என்று முடிவு செய்து இரண்டு முறை ஒயரையே மாற்றினோம்! இரண்டு கோப்புகளுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. தேதிவாரியாக அடுக்கும் பழக்கத்தில் நான்தான் பார்த்தேன். பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம், பதினொரு நிமிடம்.

வழியில் வண்டியை நிறுத்தக்கூடாது என்பது விதி. அவரைத் தனியாக அழைத்துக் கேட்டேன். "அண்ணாத்தே, எங்க நிக்கிற?"

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "மாங்காடு தாண்டி ஒரு டீக்கடை. சொன்னா வண்டிய புடுங்கிடுவாங்கோ நைனா."

"சொல்லலன்னாலும் புடுங்கத்தான் போறாங்க."

"அந்த இன்னொரு டிரைவரு எங்கியும் நிக்கல இல்ல? ஊட்லேர்ந்தே பிளாஸ்க் எடுத்துகினு வர்றான்" என்றவர், சட்டென்று நிமிர்ந்தார். "அப்போ நின்னு கிளம்புனாத்தான் வருதா?" என் பேனாவை வாங்கி, அன்றைய படிவத்திலேயே அந்த வரியை எழுதினார். நான் சொல்லி அவர் எழுதவில்லை. இதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

மேடம் அதைப் படித்தார். மறுநாள் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போனார். மடியில் கணினி, பின் இருக்கையில் நான். அதே கடை, மூன்று டீ. கிளம்பியதும் வண்டி தயங்கியது, பிறகு துள்ளியது. மேடம் திரையைத் திருப்பிக் காட்டினார். "காத்து சூடா இல்லண்ணா. நின்ன வண்டியோட சூட்டுல சென்சார்தான் வெந்துபோய்க் கிடக்கு. அது சொன்னத நம்பி நான் டர்போவ அடக்கி வச்சிருக்கேன். சென்சார் ஆறினதும் மொத்தமா விட்டுடறேன். தப்பு என்னோடது."

"அப்போ என் காலு?"

"முழிச்சுகினுதான் கீது" என்றார் மேடம். அவர் ஓட்டுநரின் பேச்சுவழக்கில் பேசி நான் கேட்டது அந்த ஒரே முறைதான்.

சூடான இன்ஜின் மறுபடி கிளம்பும்போது சென்சாரை உடனே நம்பாமல், உள்ளே போன காற்றின் அளவைக் கணக்கிட்டுச் சிறிது சிறிதாக நம்பும்படி நிரலை மாற்றினார். தயக்கமும் துள்ளலும் போயின. விதியை மீறியதற்காக ஓட்டுநருக்கு மெமோ வந்தது. வண்டி அவரிடமே இருந்தது. படிவத்தில் 'நிறுத்தம்' என்று புதிய கட்டம் சேர்ந்தது. மெமோவை ஓட்டுநர் லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

இப்போது நான் ஐயப்பன்தாங்கலில் இருக்கிறேன். அந்த இன்ஜின் பொருத்திய கார்கள் பஸ் டிப்போ சிக்னலில் நின்று, அணைந்து, மறுபடி கிளம்பித் தயங்காமல் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நீல மை வரி நினைவுக்கு வருகிறது. போன வாரம் ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்தார். "நைனா, மேடம் அந்தக் கணக்குக்கு புரோகிராமுல இன்னா பேரு வச்சிகிறாங்க தெரியுமா? டீ!" நிரல் பூட்டப்பட்டிருக்கிறது, மேடம் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆகவே படிவ நகலின் பின்புறத்தில் பென்சிலால் இப்படிக் குறித்து வைத்திருக்கிறேன்: "பெயர் டீ என்கிறார் ஓட்டுநர். இதுவரை சரிபார்க்கப்படவில்லை."