மார்க் ஷீட் என்று சொல்லிக் கேட்ட கேள்வி

தாம்பரம் மேற்கில் ஒரு செல்போன் கடையின் மேல்மாடியில் இருந்த சின்ன மென்பொருள் கம்பெனியில் என்னைச் சோதனைக்கு வைத்திருந்தார்கள். பெருங்களத்தூரில் புதிதாகத் திறந்த ஏசி மீன் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுத வேண்டும். மாதக் கடைசிக்குள் அது கடையில் ஓடினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டியதுதான் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்ததால் ஏதாவது பலன் உண்டா என்று வீடு மொத்தமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்றைத் தவிர எல்லாம் சரியாக ஓடியது. திரையில் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று ஒழுங்காகத் தெரிந்த பெயர்கள், பில் காகிதத்தில் வெறும் கேள்விக்குறிகளாக வந்து விழுந்தன. கடைக்காரரோ தமிழில்தான் பில் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். முதலாளியிடம் போய்க் கேட்டால் ‘இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று முடிவு கட்டிவிடுவார். கல்லூரியில் படித்த காலமெல்லாம் ஒரு கேள்வி பதில் தளத்திலிருந்து யார் யாரோ எழுதிய பதில்களை எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் முதல்முறையாக எனக்கென்று ஒரு கணக்கு தொடங்கினேன்.

கம்பெனியில் வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். அவன் அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. வியாபாரம் அவன் ரத்தத்திலேயே ஊறியது.

“மச்சான், ஓசில எவன்டா உக்காந்து சொல்லித் தருவான்?”

“நல்ல பதில் சொன்னா அவங்களுக்கு பாயின்ட் ஏறும்டா.”

“பாயின்ட்ட வச்சு இன்னா பண்ணுவான்? ரேஷன் கடைல அரிசி தருவாங்களா? பாரு, முதல்ல பதில் சொல்லுவான். அப்புறம் நம்பர் கேப்பான். அப்புறம் ஓடிபி.”

நான் சிரித்தேன். ஆனாலும் அவன் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதிப் பழகிய மாதிரியே கேள்வியை ஆங்கிலத்தில் எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்து, தங்கள் கீழ்ப்படிதலுள்ள என்று முடித்திருந்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஐயாவும் இல்லை, கீழ்ப்படிதலும் இல்லை. நடுவில் இருந்த கேள்வி மட்டும் மொட்டையாக நின்றது. என் பெயரில் இருப்பதை வேறு யாரோ தொட்டிருக்கிறார்கள். கணக்கு களவு போய்விட்டது என்று பயந்து உடனே பாஸ்வேர்டை மாற்றினேன். ஐயாவைத் திரும்ப எழுதினேன். மறுபடியும் காணாமல் போனார். வணக்கம், நன்றி எதுவும் கூடாது, கேள்வி மட்டும் போதும் என்பது அங்கே வழக்கமாம். மரியாதையை வேண்டாம் என்று சொல்கிற ஆட்களை எப்படி நம்புவது?

அதனால் அந்தக் கேள்வியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டேன். இந்த முறை உஷாராக இருந்தேன்.

உஷாராக இருப்பது எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குப் பக்கத்தில் மீன் விற்கிறாள். கோவளத்தில் ஏலம் எடுத்த மீனை, யார் கேட்டாலும் காசிமேடு என்பாள். அன்று காலையும் கூடையை இறக்கி வைக்கும்போது ஒரு அக்கா கேட்டார், “எங்கேர்ந்து எடுத்துக்கினு வர?”

“காசிமேடும்மா. ராத்திரியே போய் நின்னேன்.”

அவர் போனதும், “ஏம்மா பொய் சொல்ற?” என்றேன்.

“அவ மீனு வாங்க வந்த மாதிரியா கீது? செவுளக்கூட தூக்கிப் பாக்கல. எடத்த சொன்னா நாளைக்கு அவளே கூடையோட அங்க நிப்பா. கேக்கறவன் இன்னாத்துக்கு கேக்கறான்னு பாருடா, படிச்சவனே.”

அதையே செய்தேன். மீன் கடையை பள்ளிக்கூடம் ஆக்கினேன். பில்லை மார்க் ஷீட் ஆக்கினேன். சின்ன பில் பிரின்டரை ஆபீசில் இருக்கும் பெரிய பிரின்டர் என்றேன். கேட்பது நான் இல்லை, என் நண்பன் என்றும் ஒரு வரி சேர்த்தேன். காகிதத்தைப் படம் எடுத்து, கேள்விக்குறி வரிசை மட்டும் தெரியும்படி சுற்றிலும் வெட்டிவிட்டுப் போட்டேன்.

பதில்கள் மளமளவென்று வந்தன. இந்த எழுத்துருவைப் போடு, அந்த அமைப்பை மாற்று என்றார்கள். எல்லாவற்றையும் செய்து எடுத்துக்கொண்டு பெருங்களத்தூர் போனேன். கடைக்காரர் பொத்தானை அமுக்கினார். நீளமாக ஒரு பில் வந்தது. மேலிருந்து கீழ்வரை கேள்விக்குறி.

“தம்பி, இதை கஸ்டமர் கையில குடுத்தா என்னையே கேள்வி கேட்பான்” என்றார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ரயிலில் திரும்பும்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். புதிதாக வந்தவனை அலையவிட்டு எங்கோ உட்கார்ந்து சிரிக்கிறார்கள். நண்பனும், “நான் அப்பவே சொல்லல?” என்றான். மாதம் முடியப் போகிறது என்று முதலாளி சொல்லாமலே காலண்டர் சொல்லியது.

கணக்கை மூடிவிடலாம் என்று தளத்தைத் திறந்தால் ஒரு குறிப்பு காத்திருந்தது. பூனைப் படம் வைத்திருந்த ஒருவர் எழுதியிருந்தார்: இது மார்க் ஷீட்டாகத் தெரியவில்லையே. எழுத்து புள்ளி புள்ளியாக இருக்கிறது, காகிதம் ஓரத்தில் சுருள்கிறது. இது கடைகளில் இருக்கும் பில் பிரின்டர்தானே? என்ன மாடல்?

இவனுக்கு எப்படித் தெரியும்? நம் கம்பெனியை வேவு பார்க்கிற போட்டிக்காரனா? மாடல் தெரிந்தால் கடை தெரியும், கடை தெரிந்தால் வேலையைத் தட்டிக்கொண்டு போவானோ? வெட்டிய படத்தை மறுபடி உற்றுப் பார்த்தேன். ஓரம் சுருண்டுதான் இருந்தது.

பிறகு, மற்றவர்கள் சொன்ன பதில்களை முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொன்றும் பெரிய பிரின்டருக்கும் மார்க் ஷீட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. நான் சொன்ன பள்ளிக்கூடத்துக்கு அவர்கள் சரியாகவே வழி சொல்லியிருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடம்தான் எங்கும் இல்லை.

இருந்தும் எல்லாவற்றையும் சொல்ல மனம் வரவில்லை. கடை பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, பிரின்டர் மாடலையும் அதற்கு எழுத்தை அனுப்பும் பகுதியையும் மட்டும் போட்டேன். பள்ளிக்கூடத்தை அழித்தேன். நண்பனையும் அழித்துவிட்டு ‘நான்’ என்று எழுதினேன்.

மறுநாள் பதில் வந்தது. அந்த பிரின்டருக்குள் தமிழ் எழுத்துகளே கிடையாது, நீ எந்த எழுத்துரு போட்டாலும் அதற்குத் தெரியாது. வரியை எழுத்தாக அனுப்பாதே, படமாக வரைந்து அனுப்பு. கீழே செய்முறையும் இருந்தது. அதில் ஏதாவது விஷமம் ஒளிந்திருக்கிறதா என்று வரிவரியாகப் படித்தேன். புரியாத இடங்களைப் புரியும்வரை தேடினேன். அப்படித் தேடியதில்தான் வேலையே கற்றுக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

கடையில் பொத்தானை அமுக்கியதும் பிரின்டர் கொஞ்சம் தயங்கி, பிறகு ‘வஞ்சிரம்’ என்று துப்பியது. கடைக்காரர் அதைக் கிழித்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். “ரம்முல புள்ளி கூட வந்திருக்கே” என்றார். முதலாளி சான்றிதழ் நகல்களைக் கொண்டுவரச் சொன்னார்.

அன்று மாலை, சரியான பதில் என்பதற்கான பச்சைக் குறியைப் போட்டுவிட்டு, பூனைப்படக்காரரின் பக்கத்துக்குப் போனேன். இவருக்கு என்னதான் வேண்டும் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று தீர்மானம். எனக்கு எழுதியதைப் போலவே எத்தனையோ பேருக்குப் பொறுமையாக எழுதியிருந்தார். நம்பர் கேட்கவில்லை. எதையும் விற்கவில்லை. பக்கத்தின் அடியில் அவருடைய சொந்த இணையதளத்துக்கு ஒரு இணைப்பு மட்டும் இருந்தது.

அதை நான் இன்றுவரை அமுக்கவில்லை.