போன் கரையில், ஆள் கடலில்

வாடைக்காற்று உரக்கத் தொடங்கிய பிற்பகல். திருகோணமலையில் ஒரு மீனவர் சங்க அலுவலகம். நாங்கள் எழுதிக் கொடுத்த படகுப் பாதுகாப்புச் செயலிக்கு அது முதல் மழைக்காலம். திரையில் எல்லாப் படகும் பச்சை. பச்சை என்றால் கரை சேர்ந்துவிட்டது.

"எல்லாரும் வந்திட்டாங்க. தேத்தண்ணியக் குடிங்க சேர்," என்றார் செயலாளர் ரவூப் நானா.

அப்போது றெஜினா நனைந்தபடி உள்ளே வந்தார்.

"நானா, அன்ரன் இன்னும் வரேல்ல."

"உங்கட மனுசன் வந்திட்டார் தங்கச்சி. இஞ்ச பாருங்க, பச்சை."

"உங்கட பச்சையக் கொண்டுபோய்க் கடலில போடுங்கோ! அவற்ற போன் இந்தா, என்ர கையில கிடக்கு. மனுசன் எங்க?"

போன் இருக்கும் இடமே படகு இருக்கும் இடம் என்று வைத்துத்தான் கட்டமைப்பு முழுவதையும் வரைந்திருந்தோம்.

"போன் எப்பிடி உங்களிட்ட?" என்று கேட்டேன்.

"இன்னொருக்கா வலை போட நிண்டவர், பிடிச்ச மீனைத் தம்பியின்ர படகில அனுப்பினவர். யாவாரி விலை பேச எடுக்கிறது இந்த நம்பருக்குத்தானே. மீன் வந்தாப் போனும் வரும். இதுகூடத் தெரியாமலோ செய்தனீங்கள்?"

தேவைகளைக் கேட்டு எழுதியபோது, "படகில் போன் இருக்குமா?" என்று கேட்டிருந்தோம். "ஓம்" என்றார்கள். பொய்யில்லை. மீனோடு போனும் போகுமா என்று கேட்க, அப்படி ஒரு வழக்கம் இருப்பதே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

மீட்புப் படகுக்கு அழைத்தேன். அவர்களும் அதே திரையைத்தான் பார்த்தார்கள்.

"இதில வந்திட்டுதெண்டு கிடக்கே?"

"திரையை விடுங்கோ! ஆள் கடலில!"

பச்சையைச் சிவப்பாக்க ஒரு பொத்தான்கூட இல்லை. 'வந்தது' என்பதற்குப் பிறகு வேறு நிலையே நாங்கள் வரையவில்லை.

காத்திருந்தோம். காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. திடீரென்று றெஜினாவின் கையில் போன் அலறியது. மூவரும் துள்ளி எழுந்தோம். யாவாரி. மீன் விலை கேட்டார்.

இருட்டுவதற்குள் படகை இழுத்து வந்தார்கள். எஞ்சின் நின்று, அன்ரன் நீரோட்டத்தில் வெளிக்கடலுக்கு இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தாராம். உதடு நீலம் பாரித்திருந்தது.

"இனிப் போனைக் குடுத்துவிடாதேங்கோ," என்று அழுதார் றெஜினா.

"அப்ப யாவாரிக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்றார் அவர், பல் கிடுகிடுக்க.

வழக்கம் மாறப்போவதில்லை, செயலிதான் மாறியது. இப்போது போன் கரைக்கு வந்தால் திரை மஞ்சளாகும், அவ்வளவுதான். ஆளை நேரில் பார்த்த ஒருவர் 'கண்டனான்' என்று அழுத்தினால்தான் பச்சை. செயலி எழுதும் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வேன்: கேள்விகளோடு போகாதீர்கள். முதலில் ஒரு நாள் படகில் ஏறுங்கள்; கேள்விகள் அங்கேதான் கிடக்கின்றன.

மஞ்சள் மாறாமல் நிற்கும் மாலைகளில் நான் இன்றும் சங்கத்துக்கு அழைத்துக் கேட்பேன். அன்று அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு நான் நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடித்தேன்.